முதலில் சாரி

கொடைக்கானலில் லாட்ஜ் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இதுதான்: கெஸ்ட் என்ன குறை சொன்னாலும் முதலில் சாரி, யார் தப்பு என்பதெல்லாம் பிறகு. வெந்நீர் வராவிட்டால் சாரி. மேகம் இறங்கி ஏரி தெரியாவிட்டால் அதற்கும் சாரி. என் தம்பி அதில் ஊறிப்போனவன். "ஏலே, மழை பேஞ்சாலும் நீதான் காரணமா?" என்று கேலி செய்வேன்.

அவன் சுத்தம் செய்த அறையில் ஒரு அம்மாவின் செயின் காணாமல் போனது. தம்பியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட சமையலறையில் போட்டது போட்டபடி வக்கீலிடம் ஓடினேன்.

"பேரு, ஊரு மட்டும் சொல்லட்டும்மா. எடுத்தியான்னு கேட்டா வாயே தொறக்கக் கூடாது. பேசாம இருக்கது அவன் உரிமை. சட்டம் குடுத்தது."

சட்டம் கொடுத்ததாம்! யாருக்குக் கொடுத்ததோ.

ஸ்டேஷனில் டீ கொடுக்கிற சாக்கில் அதைத் தம்பி காதில் போட்டேன். "சரிக்கா" என்றான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது.

"எங்கடா வச்ச? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டது. அப்போதும் அவன் பேசவில்லை. மாதாவே, இப்படியே இருக்கட்டும் என்று வேண்டினேன்.

பிறகு அந்த அம்மா வந்தார். "எங்கம்மா போட்ட செயின்ப்பா அது" என்று அழுதார். தம்பி சட்டென்று எழுந்து கைகட்டி நின்றான்.

"சாரி மேடம். என் தப்புதான் மேடம்."

ஒரு போலீஸ்காரர் அதைப் போனில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, அது பழக்கத்துல வர்றதுங்கய்யா!" என்று உள்ளே ஓடிக் கத்தினேன். யார் கேட்டார்கள்? பாவி, ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா.

போலீசிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது என்றார் வக்கீல். ஊருக்குக் கோர்ட்டா தேவை? சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவை எங்கள் தெரு முழுக்கப் பார்த்தாயிற்று.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "அடிச்சாங்களா? பயப்படாம சொல்லு" என்று இரண்டு தரம் கேட்டார். சொல்லுடா, இப்போது பேசுடா என்று வாசலில் நின்று துடித்தேன்.

"கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லைங்கய்யா" என்றான்.

ரிமாண்ட் செய்தார்கள். வேன் மலை இறங்கியது.

ஜெயிலில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றான். செயின் இன்னும் கிடைக்கவில்லை, ஜாமீனும் கிடைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அடிச்சத ஏன்லே சொல்லல? நீ எடுக்கலைன்னாவது வாயத் தொறந்து சொல்லேன்லே!"

தலையைக் குனிந்துகொண்டான்.

"சாரிக்கா."