கழுவி வந்த கால்கள்

கழுவின காலைத்தான் நாம் மறுபடி கழுவுகிறோம் என்பது 1953 பெரிய வியாழனன்று, கோவில் கிணற்றடியில், எனக்குச் சட்டென்று உறைத்தது. ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், சடங்கில் பங்குச் சுவாமியார் பாதம் கழுவி முத்தமிட வேண்டிய பன்னிரண்டு பேர் அங்கே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஈர்க்குச்சியால் நக அழுக்கைக் குடைந்தார். அவர்களில் ஒருவரான என் அப்பா மட்டும் வலது பாதத்தில் துணி சுற்றி ஓரமாக நின்றார்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் வந்த புண்ணை என்னிடம்கூட ஒளித்திருந்தார். தெரிந்தால் அந்த வரிசையில் இடம் போய்விடுமே என்ற பயம். அம்மா போனபின் அவருக்கு மிஞ்சிய மரியாதை அந்த ஒரு இருக்கைதான்.

சடங்குக்கு ஆள் நிறுத்தும் கோவில் உபதேசியார் மோப்பம் பிடித்துவிட்டார். "ஓய், இந்தக் காலையா சுவாமி முத்தணும்? நாத்தம் கொடலைப் புடுங்குது. நீரு மாறும், வேற ஆளை இருத்தலாம்."

"பன்னெண்டுல ஒருத்தன் எறங்கிப் போறது வழக்கந்தானவே!" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவை யூதாஸ் ஆக்கிச் சிரித்தார்கள். அவர் இடத்தில் சாலைத் தெரு ஜவுளிக்கடைத் தொம்மை முதலாளி உட்கார்ந்தார்.

அன்று மாலையே அப்பாவுக்கு ஜுரம் கொதித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: பென்சிலின் கையிருப்பு இல்லை, சனிக்கிழமைக்குள் ஜுரம் இறங்காவிட்டால் காலை எடுக்கவேண்டும்.

பெரிய வெள்ளி. கோவிலில் மணி ஓய்ந்திருந்தது. சபையார் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றார்கள். வார்டுக்கு ஒருவரும் வரவில்லை. நான் ஜெபித்தது அழகான ஜெபம் அல்ல. "ஆண்டவரே, அப்பா காலைக் காப்பாற்றும். அந்தத் தொம்மை முதலாளியின் கால் அழுகட்டும்." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

மாலையில் தொம்மை முதலாளியே வந்து நின்றார். கையில் பென்சிலின் குப்பிகள். பழவங்காடி மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சி வாங்கினாராம்.

"ராத்திரி ஒறக்கம் வரல்ல மோளே. சுவாமி எண்ட காலை முத்தினாரு. அது நிண்ட அப்பனுக்குள்ள முத்தமல்லோ?"

வெந்நீர் வரவழைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் புண்ணைத் தன் கையாலேயே கழுவினார். முகம் சுளிக்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

சனிக்கிழமை காலை, இரண்டு நாள் ஊமையாய்க் கிடந்த கோவில் மணிகள் அடித்தபோது ஜுரம் இறங்கியிருந்தது. இரண்டு விரல் போயிற்று. கால் நின்றது. ஆண்டவர் என் சாபத்தைக் கேட்கவில்லை; நான் சபித்தவரையே அனுப்பி ஜெபத்தைக் கேட்டார்.

உயிர்ப்பு ஞாயிறன்று உபதேசியார் பலகாரத்தோடு வந்தார். "எல்லாம் நம்ம சபையாரு ஜெபம்லா!" அதை நினைத்தால் இன்னும் கசக்கிறது. மன்னிக்கும் மனம் கேட்டு ஜெபிக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை, தருவார் என்று நம்புகிறேன்.

மறுவருஷம் அப்பாவை மறுபடி வரிசைக்குக் கூப்பிட்டார்கள். "இப்ப எதுக்குவே?" என்றார் அப்பா. "புண்ணுதான் ஆறிப்போச்சே."

பிரியமானவர்களே, ஒளித்துவைத்த புண் உங்களுக்கும் இருந்தால் ஆண்டவரிடம் காட்டுங்கள். கோபத்தோடானாலும் கேளுங்கள். அவர் மூக்கைப் பொத்துகிறவர் அல்ல.

வருகிற பெரிய வியாழனன்று நானும் கல்லூரித் தோழியர் இருவரும் அதே ஆஸ்பத்திரி வார்டுக்கு, நோயாளிகளின் கால் கழுவ, துவாலையோடு போகிறோம். "பொம்பளப் புள்ளையளா காலு கழுவுறது?" என்று உபதேசியார் கேட்டாயிற்று. தொம்மை முதலாளி பெரிய பித்தளைத் தாம்பாளம் தருகிறார். அப்பாவும் நொண்டிக்கொண்டு வருகிறார். வெந்நீரின் சூடு பார்ப்பது அவர் வேலையாம்.