யானை இல்லாத வீட்டு நெற்றிப்பட்டம்

எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் பாதியில் நிற்கக் கூடாது. நின்றால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. நான் பாதி குடித்து வைத்த பால், அப்பா பாதி படித்து மடித்த பேப்பர், மாடி வீட்டுக்காரர்கள் பாதி பெயின்ட் அடித்துவிட்டு மழைக்குப் பயந்து நிறுத்தி வைத்த சுவர், எதைப் பார்த்தாலும் அவள் கை துறுதுறுக்கும். அப்படிப்பட்டவளின் வீட்டுக்குத்தான் சித்தி வந்து சேர்ந்தாள், எந்தக் காரியத்தையும் பாதிக்கு மேல் செய்ய முடியாத உடம்போடு.

சித்தி அம்மாவின் தங்கை. கொச்சி இடப்பள்ளியில் ஒரு பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள். ஒரு மழைக்காலத்தில் அவள் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. பிறகு முழங்கால். பிறகு தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு அலுப்பு. உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் என்று டாக்டர் அப்பாவிடம் விளக்கினாராம். முழுசாகப் போகாது, அடக்கி வைத்திருக்கலாம், அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு உள்ளறைக்கு வந்துவிட்டாள். பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை வந்துகொண்டே இருக்கும் அறை அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டிலேயே பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே தவிர, வருத்தம் ஒன்றும் இல்லை.

அம்மா அவளை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. சித்தி எழுந்து நின்றாலே, "மதி மதி, போய்ப் படுத்துக்கோ" என்பாள். தலைமுறைகளாகக் கொச்சியில் இருந்துவிட்ட எங்களுக்குப் போதும் என்பதற்கு மலையாள மதிதான் முதலில் வாயில் வரும். வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தால் மதி. என் சடையைப் பின்ன வந்தால் மதி. சித்தி ஒருநாள் கொட்டாவி விட்டபோதும் அம்மா மதி என்றதாக அப்பா கேலி செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் நெற்றிப்பட்டம் வந்தது. உற்சவத்தில் யானையின் நெற்றியை மறைத்துத் தொங்குமே, பொன்னிறக் குமிழ்கள் வரிசை வரிசையாகத் தைத்த அலங்காரம், அதையே சின்னதாகச் செய்து வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது எர்ணாகுளத்துப் பெண்களிடம் பரவியிருந்த காலம். சித்தி போனில் அதைச் செய்து காட்டுகிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அப்பாவை நச்சரித்துச் சிவப்புத் துணியும், கவிழ்த்த கிண்ணம்போல இருக்கும் குமிழ்களும், தடித்த ஊசியும் வாங்க வைத்தாள்.

"யானையே இல்லாத ஆத்துக்கு நெத்திப்பட்டம் எதுக்காக்கும்?" என்றாள் அம்மா.

"யானைக்கா பண்றேன்? எனக்கு வேணும்னு தோணறது அக்கா."

பசையால் ஒட்டுவது சுலபம். சித்திக்கு அது பிடிக்கவில்லை, தைப்பேன் என்றாள். முதல் நாளே ஆசை தீரத் தைத்துவிட்டு, அடுத்த சில நாள் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தாள். அம்மா ஊசியையும் நூலையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகுதான் சித்தி சோஸர் முறையைக் கண்டுபிடித்தாள். காலையில் எழுந்ததும் இரண்டு கைகளையும் மெல்ல மூடித் திறந்து பார்ப்பாள். நல்ல நாள் என்றால் கப் உடைந்து தனியாக மிஞ்சிய ஒரு பழைய சோஸர் நிறையக் குமிழ்கள் எடுத்து வைப்பாள். மோசமான நாள் என்றால் நாலைந்து. ரொம்ப மோசம் என்றால் சோஸரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். சோஸர் காலியானால் அன்றைய தையல் முடிந்தது. எத்தனை ஆசையாக இருந்தாலும் டப்பாவிலிருந்து மேற்கொண்டு ஒன்று எடுக்கக் கூடாது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு தோணும் கேட்டியா. அப்படித் தோணறப்பவே நீ மதின்னு கத்தணும்" என்று என்னிடம் சொல்லி வைத்தாள். வீட்டில் என்னை எல்லோரும் வாயை மூடு என்று சொல்லிக்கொண்டிருந்த வயதில், கத்துவதற்கென்றே ஒரு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். தைக்கிற அந்தக் கொஞ்ச நேரம் சித்தி கடைக் கதைகள் சொல்வாள். ஐம்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிப் போன பெண்மணியை அவள் நடித்துக் காட்டினால், மருந்து வாசனை அடிக்கிற அறை என்பதே எனக்கு மறந்துவிடும். அம்மாவும் ஒருவழியாகச் சமாதானமாகி ஊசியைத் திருப்பித் தந்தாள்.

நெற்றிப்பட்டம் பாதிக்கு வந்திருக்கும். அப்போது சித்திக்குக் காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் சிவந்து, எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உள்ளறையில் கட்டில் காலியாக இருந்தது. அதன் மேல் பாதி நெற்றிப்பட்டம் கிடந்தது. அம்மா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள். எனக்கு இப்போது நினைத்தால், அம்மாவால் அந்தக் காலிக் கட்டிலைத்தான் பார்க்க முடியவில்லை என்று படுகிறது. ஆனால் அவளுக்குக் கண்ணில் பட்டது முடிக்காத வேலை. பாவம், தங்கை இதை நினைத்து நினைத்துத்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டாள், திரும்பி வரும்போது இந்தப் பாரம் அவளுக்கு இருக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுச் சேச்சியையும் கூட்டு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் மஞ்சள் நூல். சித்தி மாதக்கணக்கில் செய்த அளவை இருவரும் ஒரே பகலில் செய்து முடித்தார்கள். அப்பா ஆணி அடித்து, சித்தியின் கட்டிலுக்கு நேர் எதிரில் மாட்டினார். சோஸருக்கு இனிமேல் வேலையில்லை என்று அம்மா அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பால் பாத்திரத்தை மூட வைத்துக்கொண்டாள். நெற்றிப்பட்டம் என்னவோ அமர்க்களமாகத்தான் இருந்தது.

சித்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அம்மா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சுவரைக் காட்டினாள். சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நன்னா இருக்கு அக்கா. கொஞ்சம் ஜலம் தா."

தண்ணீர் குடித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து சித்தி மிக நல்ல நோயாளி ஆகிவிட்டாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். காலையில் கையை மூடித் திறந்து பார்ப்பதில்லை. போனைத் தொடுவதில்லை. நான் போய் உட்கார்ந்து கைக்குட்டைப் பெண்மணியைப் பற்றிக் கேட்டால், "க்ஷீணமா இருக்குடி" என்பாள். இப்போதுதான் அவளுக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது, ஓய்வு எடுக்கிறாள் என்று அம்மா முதலில் பெருமைப்பட்டாள். பிறகு பெருமை குறைந்தது. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அம்மா சொன்ன புகாரை அப்பா வெகுநாள் சொல்லிச் சிரிப்பார்.

"சொல்றதெல்லாம் கேக்கறா டாக்டர். அதான் பயமா இருக்கு."

ரத்தப் பரிசோதனை முன்பைவிடத் தேவலை என்றது. வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. சித்தி இப்படியே சுவரைப் பார்த்தபடி கரைந்து போய்விடுவாளோ என்று அம்மா அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். சித்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

"அதை இறக்கித் தாடி" என்று சுவரைக் காட்டினாள்.

நாற்காலியில் ஏறி இறக்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மேலே சிவப்பு நூல், கீழே மஞ்சள் நூல். எது யார் தைத்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மஞ்சளைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "கத்திரிக்கோல் எடு. அந்த சோஸர் எங்கே?" என்றாள்.

சோஸரைக் கொண்டுவந்தேன். நறுக்கென்று முதல் மஞ்சள் நூலை வெட்டினாள். குமிழ் ஒன்று கழன்று சோஸரில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அம்மா நாள் முழுக்க முதுகு வலிக்க உட்கார்ந்து தைத்தது. தடுப்பதா, ஓடிவிடுவதா என்று தெரியாமல் வாசலைப் பார்த்தபடி நின்றேன். சரியாக அந்த நேரத்தில் அம்மா காய்ப் பையோடு உள்ளே வந்தாள்.

கட்டிலைப் பார்த்தாள். சோஸரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"நீ தைச்சது நன்னாத்தான் இருக்கு அக்கா" என்றாள் சித்தி. "ஆனா எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்கலையே நீ. காலம்பற முழிச்சா, எதுக்கு எழுந்திருக்கறதுன்னே தெரியல்லை."

நான் இடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை ஒருதடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கத்திரியை இங்க கொடு. அந்தக் கையை வெச்சுண்டு நீ எப்பப் பிரிச்சு முடிக்கறது?"

"பிரிக்கறது மட்டும்தான் நீ" என்றாள் சித்தி. "தைக்கறது நானாக்கும்."

"சரி."

அப்புறம் அம்மா தான் போட்ட முடிச்சுகளைத் தானே வெட்டினாள். முடிச்சு எத்தனை கெட்டி பார், எத்தனை கெட்டி பார் என்று நடுநடுவே தன்னையே பாராட்டிக்கொண்டாள். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. சத்தம் கேட்டு மாடிச் சேச்சி இறங்கிவந்து, தன் ஞாயிற்றுக்கிழமை சோஸர் சோஸராகக் கழன்று கிடப்பதைப் பார்த்து, "ஐயோ, எந்தா இது?" என்று வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தெற்று பற்றிப்போயி சேச்சி" என்றாள் அம்மா. ஒரு தப்பு நடந்துபோய்விட்டது என்று அம்மா தன் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதுவும் மலையாளத்தில்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சித்தி தோசை சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். சட்னியில் உப்பு ஜாஸ்தி என்று குறையும் சொன்னாள். தன் சமையலில் யாராவது குறை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அம்மா, அந்தக் குறையைக் கேட்டு முகமெல்லாம் சிரிப்பாக எனக்கும் ஒரு தோசை அதிகமாகப் போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் முன் எட்டிப் பார்த்தேன். சித்தி இரண்டு கைகளையும் மெல்ல மூடித் திறந்து பார்த்துவிட்டு, சோஸரில் குமிழ்கள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதிகமில்லை, மூன்று.

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். "மூணு மூணா தைச்சா அது எப்பம்மா முடியும்?" என்று கேட்டேன். பாதியில் நிற்கிற எதையும் பொறுக்காத அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அதுக்கென்ன அவசரம்?" என்றாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அவசரம் இல்லை என்று ஒருவரால் சொல்ல முடிவது எத்தனை பெரிய நிம்மதி என்று அப்போது எனக்குத் தெரியாது.