தண்ணீர் படாமல் கழுவுவது

என் அண்ணி எட்டு வருடமாக மணி கழுவிக்கொண்டிருந்தாள். கடுகு அளவு மணி. எங்கள் கம்பெனியில் சர்க்கரையையும் எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தையும் சேர்த்து, ஷாம்புக்கு நுரை கொடுக்கும் பொருள் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துவைக்கிற தரகர் என்சைம். யானை விலை. ஒரே தடவையில் வீணாகாமல் இருக்க அதை மணிகளின்மேல் ஒட்டிவைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மணிகளை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, மறுபடி வேலைக்கு அனுப்ப வேண்டும்.

அண்ணியையும் கம்பெனி அப்படித்தான் வைத்திருந்தது. பதினொரு மாதம் ஒப்பந்தம், ஒரு மாதம் வீடு, மறுபடி பதினொரு மாதம். அண்ணன் முதுகு போய்ப் படுத்த பிறகு அவள் கேட்டது நிரந்தர வேலை ஒன்றைத்தான். நிரந்தரமானவர்களின் வீட்டாருக்குத்தான் கம்பெனி வைத்தியம் பார்க்கும். பார்க்கலாம் என்றார் ஆய்வக மேலாளர். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆய்வகச் சுவரில் அவர் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்: கரைப்பானில் மட்டும் கழுவவும், தண்ணீர் படக் கூடாது. ஈரம் இருந்தால் சேர்ந்தது பிரிந்துவிடுமாம். உண்மைதான். ஆனால் அந்தக் கரைப்பானில் சர்க்கரை கரையாது. மீந்த சர்க்கரை மணிமேல் பாகாகப் படியும். ஏழாவது தடவைக்குள் மணி சோர்ந்துவிடும். மேலாளர் மணியைக் கையில் எடுத்ததில்லை. அண்ணி எடுத்தாள்.

“பிசுபிசுன்னு இருக்கறத யாராவது தண்ணி இல்லாம கழுவுவாங்களா?” என்றாள் என்னிடம். நான் அங்கே ஸ்டோர் கீப்பர், மேலாளரிடம் சொல்லவில்லை. அவள் வழி, குளிர்ந்த தண்ணீரில் ஒரே அலசல், பிறகு ஒரு பகல் முழுக்க உலர்த்தல். மணிகள் இருபது தடவை உழைத்தன.

மேலாளர் அதைத் என்சைமை மணியில் ஒட்டும் தன்னுடைய முறையின் வெற்றி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இவ்வளவு உழைக்கிற மணிக்குத் தனியாக ஆள் எதற்கு என்று நிர்வாகமும் யோசித்தது. அந்த வருடம் அண்ணியின் பன்னிரண்டாம் மாதம் முடியவே இல்லை.

மேலாளரே கழுவினார், தான் எழுதியபடியே. ஏழாவது தடவையில் மணிகள் படுத்துவிட்டன. இருபதாவது தடவையைக் கண்ணால் பார்க்கப் பெரிய வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. மேலாளர் அண்ணியின் வீட்டுக்கு வந்தார். அண்ணன் படுத்திருந்த கட்டில் ஓரமே உட்கார இடம்.

“நீங்க மட்டும் என்னம்மா செஞ்சீங்க?”

“நீங்க எழுதி ஒட்டினபடிதான் சார்.”

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

“நிரந்தர உத்தரவோட வாங்க. வந்து கழுவறேன்,” என்றாள் அண்ணி.

கிடைக்கிற பதினொரு மாதத்தையும் கெடுத்துக்கொள்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. மேலாளர் சுவர் ஓரம் கவிழ்த்து வைத்திருந்த ஈரப் பாத்திரங்களைப் பார்த்தார். தண்ணீர்தான் என்று புரிந்திருக்கும். மேலே கேட்டால், பேசிய பேச்சையெல்லாம் வாபஸ் வாங்க வேண்டிவரும். கேட்காமல் எழுந்து போனார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. கடமைகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: மணிகளைக் கரைப்பானில் மட்டும் கழுவ வேண்டும், தண்ணீர் பட்டால் பணிநீக்கம்.

அண்ணி அதை இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டாள். வைத்தியப் படிவத்தில் அண்ணன் பெயரை எழுதினாள். பிறகு ஆய்வகத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.