அரிசி கேட்ட வாக்கு

ஆட்டோவுக்கு மேலே கட்டிய ஒலிபெருக்கி வெயிலில் சூடேறினால் வயர் கருகுவது போல ஒரு மணம் வரும். அந்த மணத்தோடுதான் ஒரு தேர்தல் காலம் முழுக்க மைக் பிடித்துக்கொண்டு திரிந்தேன்...

அப்போது எனக்குக் கலியாணமாகி மூன்று வருடம். கல்லடியில் வாடகை வீடு. என் புருஷனுக்கு வீடு கட்டும் மேசன் வேலை, கிடைக்கிற நாளில் கிடைக்கும். நான் ஒரு டியூஷன் சென்டரில் கிளார்க். பள்ளிக்கூட விழாக்களில் அறிவிப்புச் செய்த குரல் என்பதால், ஊரே மரியாதையாக 'சேர்' என்று கூப்பிடும் யோகம் சேர் என்னை மைக் பிடிக்கக் கூப்பிட்டார்.

சேர் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுயேச்சைக் குழுவில் பாராளுமன்றத் தேர்தலுக்கு நின்றார். அவருக்கு இருந்தது ஒரே கவலை. பெரும்போக நெல்லை வெட்டுகிற நேரம் பார்த்து வெளிநாட்டு அரிசி வந்து இறங்குகிறது, நெல் விலை விழுந்துவிடுகிறது. அறுவடை மாதங்களிலாவது அதை நிறுத்த வேண்டும் என்பார்.

வாவிக்கு அந்தப் பக்கம், வயல்கள் நிறைந்த வவுணதீவில் இதைச் சொன்னால் கை தட்டுவார்கள். ஆனால் டவுன் பக்கம்? இங்கே எல்லோரும் அரிசியைக் கடையில் வாங்குகிறவர்கள்.

யோசனை சொன்னது நான்தான். அந்தப் பக்கம் "அரிசி இறக்குமதியை நிறுத்துவோம்." இந்தப் பக்கம் "அரிசி விலையைக் குறைப்போம்." சேர் தயங்கினார்... ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் நானே எழுதி, நானே வாசித்தேன். எனக்கு அதில் ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

டவுன் பக்கத்துக் காத்தான்குடியில் ஒரு வீட்டு விறாந்தையில் பெண்களுக்காகச் சின்னக் கூட்டம் ஒன்று வைத்தோம். நஸீமா என்று ஒருவர் வந்திருந்தார். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துப் பிழைப்பவர். இடியப்பத் தட்டு வாங்க வவுணதீவுக்குப் போனபோது அங்கே என் அறிவிப்பைக் கேட்டிருக்கிறார். சேர் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்.

"வாவிக்கு அந்தப் பக்கம் வெளியரிசி வராது எண்டீங்க. இந்தப் பக்கம் அரிசி மலிவு எண்டீங்க. ரெண்டும் இந்தத் தங்கச்சிட குரல்தான். நான் எந்தப் பக்கத்து அரிசிய நம்பி மா இடிக்கிற, சேர்?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சேர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நஸீமாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அங்க சொன்னதுதான் உண்மை. நான் வந்தா ரெண்டு மாசத்துக்கு உங்களுக்கு அரிசி விலை கூடும். அதை மறைச்சது பிழை" என்றார்.

நஸீமா கோபிக்கவில்லை. அப்படியென்றால் தன் வோட்டு அவருக்குக் கிடைக்காது என்று அமைதியாகச் சொல்லிவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி எடுத்து வந்தார்.

திரும்பி வரும்போது சேர் டவுன் நோட்டீஸ் எல்லாவற்றையும் கிழிக்கச் சொன்னார். இனி இரண்டு பக்கமும் ஒரே பேச்சுத்தான் என்றார். தோற்றுப்போவோம் என்று நான் வாதாடினேன்.

"தோத்தா தோக்கட்டும் பிள்ள. பாராளுமன்றத்தில ரெண்டு பக்கமும் கை தூக்க ஏலாதே."

அதற்குப் பிறகு டவுனில் எங்கள் கூட்டங்களுக்கு ஆள் குறைந்துகொண்டே போனது. வவுணதீவில் கூடிக்கொண்டே போனது. அங்கேதான் என் புருஷனின் அக்கா, என் மச்சாள், வட்டை என்கிற வயல்வெளிக்குள் நெல் செய்கிறாள். முந்தின வருடம் விலை இல்லாமல் நெல் மூட்டைகளை வீட்டு ஹாலுக்குள் அடுக்கிவைத்து, பிள்ளைகள் மூட்டைக்கு மேல் படுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வாக்களிக்கும் நாள்... இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பூத்துக்குள் போனேன். அந்தக் கிழமை என் புருஷனுக்கு வேலை இல்லை. வீட்டில் அரிசி முடிகிற நிலை. வாக்குச்சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதம் முழுக்க சேருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள், அரிசி விலை குறையும் என்று சொன்ன வேறொரு வேட்பாளருக்குப் புள்ளடி போட்டேன்.

சேர் தோற்றார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வாக்கை அள்ளியிருந்தார், இந்தப் பக்கம், எழுவான்கரையில் ஒன்றுமே இல்லை என்று எண்ணுமிடத்தில் நின்ற எங்கள் ஆட்கள் சொன்னார்கள்.

மச்சாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நம்ம ரெண்டு பேரும் போட்டும் மனிசன் தோத்துட்டாரே கா." நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த அறுவடைக்கும் வெளியரிசி வந்தது. எனக்கு அரிசி மலிவாகத்தான் கிடைத்தது. அந்தச் சோற்றைத்தான் மச்சாள் வந்தபோது அவளுக்கும் போட்டுக் கொடுத்தேன்... அவள் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள்.

இப்போதெல்லாம் தேர்தலுக்கு ஆட்டோ குறைவு. எல்லாம் போனில்தான். எனக்கு வருகிற வீடியோவில் அரிசி விலை, மச்சாளுக்கு வருகிற வீடியோவில் நெல் விலை. இரண்டையும் அனுப்புகிற வேட்பாளர் ஒருவர்தான். எதிரே எழும்பிக் கேள்வி கேட்க ஒரு விறாந்தையும் இல்லை, முகம் சிவக்க மைக் பிடித்த ஒருத்தியும் இல்லை.

ஆனால் போன தேர்தலுக்கு முதல் நாள் நான் மச்சாளுக்குக் கோல் எடுத்தேன். நெல் என்ன விலை போகிறது என்று கேட்டேன். என் வீட்டில் அரிசி என்ன விலை என்று அவள் கேட்டாள். வெகுநேரம் பேசினோம். இருவருக்கும் ஒத்துவரவில்லை.

அடுத்த நாள் வாக்குப் போட்டுவிட்டு வந்து, யாருக்குப் போட்டேன் என்பதை அவள் கேட்காமலே சொன்னேன்.