பின்னறை சிக்னல்

இதை எழுதுவதால் எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. கதை கட்டவும் எனக்கு வராது. மருந்துக் கிடங்கில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்ப்பவன் நான். பார்த்ததை, பார்த்த நேரத்தோடு குறித்துவைப்பதுதான் என் தொழில். இதையும் அப்படித்தான் குறிக்கிறேன்.

காலை ஆறு பத்துக்கு எழுந்திருப்பேன். ஒரு டம்ளர் தண்ணீர். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பேன். சவரம். குளியல். நேற்றைய சட்டை அழுக்கில்லை என்றால் அதே சட்டை. ஏழு ஐம்பதுக்குக் கதவைப் பூட்டுவேன். என் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. சில வாரங்களுக்கு முன்புவரை நாட்கள் இப்படித்தான் போயின.

அவளுடைய மேஜை, நாற்காலி, லேப்டாப் எல்லாம் பின்னறையில். தினமும் காலையில் பதினோரு பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் கணக்கு வகுப்பு எடுப்பாள். எட்டு மணி வகுப்புக்கு எட்டு இரண்டுக்குத்தான் உட்காருவாள். எட்டு நாற்பதுக்கு முடிக்க வேண்டியது, எட்டு நாற்பத்தொன்று ஆகும். ஏதாவது திறக்கத் தாமதமானால் பேனாவால் மேஜையைத் தட்டுவாள். இரண்டே தட்டு. டக்... டக்.

லேப்டாப்பின் வைஃபை கார்டு மூன்று வாரமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. வரும், போகும். பார்த்துத் தருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்ததில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

"என்ன நாளைக்கு சார், இன்னிக்காவது மனசு வைப்பீங்களா?" என்பாள்.

அன்று காலை கார்டு சுத்தமாக நின்றுவிட்டது. நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். இன்று வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குப் போனில் செய்தி அனுப்பினாள். "சாயந்தரம் வந்து கட்டாயம் பாக்கிறேன்" என்றேன். அதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் வந்தபோது மேஜைமேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. "காலைல எட்டரை வாக்குல நடந்திருக்கும். பக்கத்துல யாராவது இருந்து உடனே கொண்டுவந்திருந்தா..." என்ற டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

யாராவது இருந்திருப்பார்கள். திரையில் பதினோரு பேர். ஒரு பிள்ளையாவது அலறி அம்மாவைக் கூப்பிட்டிருக்கும். கார்டு மட்டும் வேலை செய்திருந்தால். நான்கு மாதமாக என் மண்டைக்குள் ஓடுவது இது ஒன்றுதான்.

போன மாதம் மச்சான் போன் செய்தார். அவளுடைய அண்ணன்.

"மாப்ள, அந்த லேப்டாப் சும்மாதானே கிடக்கு? சின்னவ காலேஜ் சேர்றா. அத்தை ஞாபகமா வெச்சுக்குவா."

"வைஃபை போயிருச்சு மச்சான். பாத்துத் தரேன்."

"நீங்க பாத்துத் தரேன்னா..." சிரிக்கத் தொடங்கியவர் சட்டென்று அடங்கிப்போனார். பிறகு மெதுவாக, "கடைசியா அவ என்ன மாப்ள சொன்னா? அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்.

"சாப்பாட்டு டப்பாவை மறந்துறாதீங்கன்னு சொன்னா."

பொய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். மற்ற ஞாயிறுகளில் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வேன். அவள் போன பிறகு, காலை எட்டு மணிக்கு நான் வீட்டில் இருந்தது அன்றுதான் முதல்முறை.

லேப்டாப்பை எடுக்கப் பின்னறைக்குப் போனேன். அவள் நாற்காலி மேஜையை விட்டு இழுத்தபடி இருந்தது. தினமும் சாயங்காலம் அது அப்படித்தான் இருக்கும். தினமும் உள்ளே தள்ளிவைப்பேன். நானே இழுத்துவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குமேல் யோசிக்கத் தெம்பு இருந்ததில்லை. முதல்நாள் சாயங்காலம் அலுப்பில் தள்ளாமல் விட்டிருந்தேன். தள்ளிவைத்துவிட்டு, லேப்டாப்போடு ஹாலுக்கு வந்தேன். ரூட்டர் இருக்கும் மேஜையிலேயே வைத்தேன்.

ஏழு இருபத்தைந்து. ஆன் செய்தேன். வைஃபை இல்லை.

ஏழு நாற்பது. பென்டிரைவிலிருந்து கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். அப்படி ஒரு கார்டே இல்லை என்றது.

ஏழு நாற்பத்தெட்டு. அணைத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். ஒன்பது ஸ்க்ரூ. ஒரு பீங்கான் தட்டில் போட்டுவைத்தேன். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். கார்டு பாதி தபால்தலை அளவுதான். கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள். அவற்றை விடுவித்து, கார்டை வெளியே எடுத்தேன். அதன்மேல் ஒட்டிய தாளில் பன்னிரண்டு இலக்க எண். ஒரு கார்டின் எண் இன்னொன்றுக்கு வராது.

ஏழு ஐம்பத்தெட்டு. ஒருவேளை கோளாறு ரூட்டரில் இருக்குமோ என்று, போனில் அதன் பக்கத்தைத் திறந்தேன். இணைந்திருப்பவை: ஒன்று. என் போன்.

எட்டு இரண்டு.

இணைந்திருப்பவை: இரண்டு.

இரண்டாவதின் பெயர் 'கணக்கு டீச்சர்'. லேப்டாப்புக்கு அவள் வைத்த பெயர்.

லேப்டாப் என் முன்னால் வயிறு கிழிந்து கிடந்தது. பேட்டரி தனியே. கார்டு என் உள்ளங்கையில். பெட்டி எண்களைச் சரிபார்ப்பதுபோல, திரையில் இருந்த எண்ணையும் கார்டில் இருந்த எண்ணையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு முறை.

ஒன்றுதான்.

சிக்னல்: நாற்பது சதவீதம். அது பின்னறை சிக்னல். இடையில் இரண்டு சுவர் இருப்பதால் அங்கே எப்போதும் நாற்பதுதான் வரும். அவள் அதைப் பற்றிப் புலம்பாத நாளில்லை.

பின்னறையிலிருந்து...

டக்... டக்.

உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். எட்டு நான்கு. எட்டு ஆறு. எட்டு ஒன்பது.

நாற்காலி தரையில் உரசும் ஓசை. க்ரீச்...

நாற்பத்தாறு சதவீதம்.

ஐம்பத்தெட்டு.

ஒரு சுவர் கடந்துவிட்டது.

எழுபத்திரண்டு.

திரும்பிப் பார்க்க வேண்டும்.

எண்பத்தைந்து.

திரும்பவில்லை.

தொண்ணூற்றொன்பது.

அப்படியே நின்றது. என் முதுகுக்குப் பின்னால்.

டக்... டக்.

இந்த மேஜையில். தட்டில் இருந்த ஒன்பது ஸ்க்ரூக்களும் ஒருமுறை குலுங்கி அடங்கின.

"இதோ... பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

எண்பத்தைந்து... ஐம்பத்தெட்டு... நாற்பது.

எட்டு நாற்பத்தொன்று. இணைந்திருப்பவை: ஒன்று.

கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். பின்னறையில் நாற்காலி மேஜையை விட்டு இழுத்தபடி இருந்தது.

ரூட்டரில் பழைய பதிவுகளும் இருந்தன. ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். அவள் இறந்த மறுநாள் தொடங்கி, ஒரு நாள் விடாமல், எட்டு இரண்டு முதல் எட்டு நாற்பத்தொன்று வரை 'கணக்கு டீச்சர்' இணைந்திருக்கிறாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு.

இணையாதது ஒரே ஒரு நாள். அவள் இறந்த நாள்.

திங்கட்கிழமை கார்டை ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் அதை லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சிப்பே வெந்துபோச்சு சார். இது செத்து மாசக்கணக்காச்சு."

"ரூட்டர்ல காட்டுதே."

"எது, இதுவா? காலங்காத்தால என்னை வெச்சு விளையாடறீங்களா?" புதிய கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். "இதைப் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கு வேற நம்பர். அந்தப் பழைய நம்பர் அதோட ஒழிஞ்சுது."

"ஒழிஞ்சுதுன்னா?"

"அப்புறம் அது எதுக்கு சார் வரப்போகுது?"

வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய கார்டைத் திரும்ப மாட்டி, ஒன்பது ஸ்க்ரூவையும் முறுக்கி, லேப்டாப்பைப் பின்னறை மேஜையில் வைத்தேன். நாற்காலியை உள்ளே தள்ளுவதை விட்டுவிட்டேன். புதிய கார்டு அலமாரியில் இருக்கிறது. உறை பிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் எட்டே முக்காலுக்குத்தான் கிளம்புகிறேன். கிடங்கு மேலாளர் இரண்டு முறை திட்டிவிட்டார். நேற்று மச்சான் மறுபடியும் கூப்பிட்டார்.

"ஆச்சா மாப்ள? சின்னவ நச்சரிக்கிறா."

"நாளைக்கு மச்சான்" என்றேன்.

சாப்பாட்டு டப்பா பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, சாயந்தரம் கட்டாயம் பாக்கிறேன் என்று நான் சொன்னதும், பின்னறையிலிருந்து சிரித்துக்கொண்டே அவள் சொன்னது இதுதான்:

"நான் எங்க போகப்போறேன், நாளைக்கு சார்? நீங்க இதைச் சரி பண்ணித் தர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."