குப்பை போட்ட குற்றம்

அரிசோனாவின் தென்கோடியில், சுரங்கம் மூடியபின் ஆள் குறைந்துபோன எங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் எர்லிண்டா பார்ரா. ஓய்வுபெற்றதும் தோட்டம் போட்டாள். ஒரு கோடையில், மெக்சிகோ பக்கமிருந்து நடந்தே வந்த ஒருவர் அவள் வாசலில் சுருண்டு விழுந்தார். அதோடு தோட்டம் காய்ந்தது. சனிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டுக்காரியான என்னையும் இழுத்துக்கொண்டு, எல்லையோர வனவிலங்குச் சரணாலயத்தில், எல்லை தாண்டி நடந்து வருபவர்களுக்காகத் தண்ணீர் கேன்களும் பீன்ஸ் டப்பாக்களும் வைத்துவிட்டு வருவாள்.

ஒரு ஜூலையில், போகிற வழியில் மாட்டுத்தொட்டியின் பாசித் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்தோம். ஹோண்டுராஸ்காரன், பெயர் எல்மெர்.

"அம்மா, என் தங்கச்சி நெல்சி பின்னால கெடக்கா. நடக்க முடியலேன்னுட்டா. தண்ணி தேடி வந்தேன்."

எர்லிண்டா அவசர எண்ணை அழைத்தாள். எல்லைக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

"எந்த நாட்டுக்காரங்க?" என்றது குரல்.

"எந்த நாடா இருந்தா என்னய்யா? ஒரு பொண்ணு வெயில்ல கெடக்கா!"

"வண்டி இருந்தா அனுப்பறோம்."

வண்டி வரவில்லை. எல்மெரைத் தாங்கியபடி நாங்களே தேடிப் போனோம்.

முந்தின வாரம் நாங்கள் கேன் வைத்திருந்த முள்மரத்தடியில் நெல்சி கிடந்தாள். எப்படியோ அதுவரை தவழ்ந்து வந்திருக்கிறாள். கேன்கள் அத்தனையும் கத்தியால் கீறப்பட்டிருந்தன. ஒன்றை மடியில் அணைத்தபடியே உயிர் போயிருந்தது. எல்மெர் அவள் செருப்பைக் கழற்றி, காலில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் காவலர்கள் வந்தார்கள். முதல் வேலையாக எல்மெருக்கு விலங்கு மாட்டினார்கள். ஒருவர் கேன்களைப் படமெடுத்தார்.

"நல்லா எடுங்க. கீறினவன் யாருன்னு கண்டுபிடிங்க," என்றாள் எர்லிண்டா.

"இதெல்லாம் வெச்சது நீங்கதானே?"

"ஆமா, நாந்தான்."

"சரணாலயத்துல குப்பை போடக்கூடாதும்மா. உங்க மேல கேஸ்."

கீறியது யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் விரும்பவுமில்லை. கத்தி வைத்திருந்தவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினான். தண்ணீர் வைத்தவள் கூண்டில் ஏறினாள்.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் பிளாஸ்டிக்கால் பாலைவன ஆமைகளுக்கு என்ன கேடு வரும் என்று நெடுநேரம் விளக்கினார்.

எர்லிண்டா எழுந்தாள். "ஆமையப் பத்தி இவ்வளவு பேசினீங்களே, நெல்சி பேர ஒருதடவையாவது சொன்னீங்களா சார்?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

நடந்ததைச் சொல்லக்கூடிய எல்மெரை அதற்குள் நாடு கடத்திவிட்டார்கள். தங்கையின் உடலோடு போகக்கூட விடவில்லை. அது பிணவறையில் கிடந்து, வெகுநாள் கழித்துத் தனியாக ஊர் போய்ச் சேர்ந்தது. தீர்ப்பில் எர்லிண்டா குற்றவாளி. ஓராண்டுக்குச் சரணாலயத்தில் கால் வைக்கக்கூடாது.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அவளோ, "சனிக்கிழமை வண்டிய நீ ஓட்டு ஒல்கா," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சரணாலய வேலியோரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை.

"நீ போய் வெச்சிட்டு வா. எவனாவது கேட்டா எம்பேரச் சொல்லு."

"எதுக்குக்கா? எனக்குன்னு ஒரு பேரு இல்லியா?"

இரண்டு கைகளிலும் கேன்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.