பிரதியீட்டு மாமன்

மன்னாரில் உயர்தர மாணவர்களுக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறவன் நான். ஒரு வியாபாரத்தை நாலாபுறமும் நின்று நெருக்கும் ஐந்து சக்திகளை விளக்குவதற்காக, ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஒரு மலிவு விமானக் கம்பனியைத் தொடங்கி, பாடம் முடிந்ததும் அழித்துவிடுவேன். நடுவில் விமானம், நான்கு பக்கமும் அம்புக்குறிகள். ஐந்தாவதற்கு இடம் போதாமல் அதன் வயிற்றுக்குக் கீழே போடுவேன். அடியில் 'விமானம்' என்று எழுதாவிட்டால், மீன்பிடி ஊரான ஓலைத்தொடுவாயிலிருந்து வரும் பிள்ளைகள் அதைச் சுறா என்றுதான் கொப்பியில் குறித்திருப்பார்கள். படிப்பிக்கிற நான் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை என்பதைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

ஐந்தாவது அம்புக்குறியின் பெயர் பிரதியீடு. ஒன்றுக்குப் பதிலாக அதே தேவையைத் தீர்த்துவைக்கும் இன்னொன்று. தேத்தண்ணிக்குக் கோப்பி மாதிரி. ஒரு தவணைப் பரீட்சையில், மலிவு விமானத்துக்குப் பிரதியீடுகள் மூன்று கேட்டிருந்தேன். ரயில், கப்பல், தொலைபேசி என்பவை நான் எதிர்பார்த்த விடைகள். பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண்பிள்ளை முதல் இரண்டையும் ஒழுங்காக எழுதிவிட்டு மூன்றாவதாக, 'ஆள் போகாமல் விடுவது' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் வெட்டி, 'இது பொருளும் அல்ல, சேவையும் அல்ல' என்று பக்கத்தில் எழுதிச் சைபர் போட்டேன். அந்தக் குறிப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, போன வருடம், அக்கா தொலைபேசி எடுத்தாள்.

அக்கா யுத்தகாலத்தில் தலைமன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் போய், அக்கரையில் தங்கச்சிமடத்தில் கலியாணம் கட்டி அங்கேயே நின்றுவிட்டவள். அத்தான் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். இப்போது ஒரே மகளுக்குக் கலியாணம். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி, தகப்பன் இல்லாத பிள்ளையைக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவன் தாய்மாமன். அதாவது நான்.

தங்கச்சிமடம் எங்களுக்குத் தூரமில்லை. தலைமன்னாரிலிருந்து கடலால் பார்த்தால் வவுனியாவைவிடக் கிட்ட. ஆனால் முறைப்படி போவதென்றால் வடக்கே வெள்ளாங்குளம் தாண்டி யாழ்ப்பாணம், பலாலியில் விமானம் ஏறிச் சென்னை, அங்கிருந்து விடிய விடிய ரயிலில் தெற்கே இராமேஸ்வரம். பக்கத்து வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகிற கதை. அக்கா போன வள்ளம் ஒரே இரவில் போய்ச் சேர்ந்தது. பொதிக்கு நிறுவையும் இல்லை. அந்தச் சேவையை இப்போது எவரும் சிபாரிசு செய்வதில்லை, கடற்படையும் விரும்பாது. தலைமன்னாரிலிருந்து புதிதாகக் கப்பல் விடப்போகிறார்கள் என்ற கதையும் உண்டு. அந்தக் கப்பல் ஒவ்வொரு தேர்தலிலும் புறப்பட்டு, வாக்கெண்ணி முடிந்ததும் தரைதட்டிவிடும்.

ஆகவே நான் நியாயங்களை அடுக்கினேன். லீவு, விசா, முழங்கால்.

"நான் வீடியோவில பாக்கிறன் அக்கா. இப்ப எல்லாம் நல்லாத் தெளிவாய்த் தெரியுது."

"வீடியோவால கையை நீட்டிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவியோ?"

நான் மறுபடியும் முழங்காலைப் பற்றித் தொடங்கினேன்.

"சரி, வராட்டி விடு. உன்ர அத்தானின்ர தம்பி பக்கத்துத் தெருவிலதானே இருக்கிறார். அவர் கூட்டிக்கொண்டு போவார். கோட்சூட்டும் தைச்சுப்போட்டார். நீலக் கலர்."

நீலக் கலர் என்றதுதான் என்னை வருத்தியது. மற்றதெல்லாம் பேச்சு, நீலம் என்பது தகவல். நான் படிப்பித்த பாடம் அம்புக்குறியோடு எழும்பி வந்து என் வயிற்றுக்குக் கீழே நின்றது. அதே தேவை, கிட்டவான இடம், குறைந்த செலவு, புதிய உடுப்பு. மருமகள் பிறந்ததிலிருந்து நான் அவளுக்குத் தொலைபேசியில் மட்டும் மாமன். அந்தப் பதவியும் போனால், பிறகு அவளுக்கு நான் யாரோ ஒரு மன்னார்க்காரன்.

அன்று பின்னேரமே கைத்தொலைபேசியில் டிக்கெட் போட உட்கார்ந்தேன். மலிவு விமானக் கம்பனிகள் டிக்கெட்டை மலிவாகத் தரும்; மற்றதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தரும். சன்னல் வேணுமா, சாப்பாடு வேணுமா, கால் நீட்ட வேணுமா? மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். கடைசியில் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"தொட்டில் ஆருக்கப்பா?"

அடுத்தநாள் பஸ் நிலையத்தடியில் இருந்த டிக்கெட் கடைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் கணினியோடு இருந்த முதலாளி எழும்பி நின்றாள். தலையில் முக்காடு, முகத்தில் சிரிப்பு.

"இருங்கோ சேர். என்னைத் தெரியேல்லையோ? எனக்குச் சைபர் போட்டனீங்கள்."

"நான் கனபேருக்குப் போட்டனான் பிள்ளை."

"ஆள் போகாமல் விடுவது."

தெரிந்துவிட்டது. கதிரையில் இருந்தேன். நிற்கிறவனுக்குத்தான் கௌரவப் பிரச்சினை.

விசயத்தைச் சொன்னேன். பலாலியிலிருந்து இரண்டு கம்பனிகளின் விலையையும் எடுத்துக் காட்டினாள். ஒருவர் இறக்கினால் மற்றவரும் இறக்குவாராம். எண்ணெய் விலை ஏறினால் இரண்டு பேரும் ஒற்றுமையாக ஏற்றுவார்களாம். நான் காங்கேசன்துறையிலிருந்து அக்கரைக்கு ஓடும் கப்பலைப் பற்றிக் கேட்டேன். அதில் பொதி கூடக் கொண்டுபோகலாம் என்று கேள்வி.

"போகலாம் சேர். ஆனால் காத்துக் காலம். கடல் விட்டால்தான் கப்பல். கலியாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, கடலுக்கு ஆர் குறிக்கிறது?"

"அப்ப உங்களுக்குக் கப்பல்தான் போட்டியாக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ், கப்பல் டிக்கெட்டும் நான்தான் விக்கிறன். போனில தாங்களே போடுற ஆக்களும் பிரச்சினையில்லை, தொட்டிலோட திரும்பி இஞ்சதான் வருவினம்." மனைவி கடைக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. "எனக்கு எதிரி ஆர் தெரியுமோ? அந்தக் கதிரையில வந்திருந்து, விலை கேட்டு, திகதி கேட்டு, 'வீட்ட கேட்டுட்டு வாறன்' எண்டு போற ஆக்கள். அவை வேற கடைக்குப் போறேல்லை சேர். போகாமலே விட்டிடுவினம்."

நான் 'வீட்ட கேட்டுட்டு' என்று தொடங்க வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

"டிக்கெட்டை அடியுங்கோ பிள்ளை."

அடுத்த சிக்கல் நிறுவை. அந்த மலிவு டிக்கெட்டுக்குக் கைப்பொதி ஏழு கிலோ மட்டும். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: கட்டா மீன் கருவாடு. அக்கரையிலும் கருவாடு இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விசயத்தில் அக்கா பிரதியீட்டை ஏற்க மாட்டாள். என்னிடம் இருந்ததோ என் கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்சூட், பழைய காலத்துக் கனத்த துணி. இரண்டும் ஒரு பைக்குள் சேராது.

"போட்டுக்கொண்டு போற உடுப்புக்கு நிறுவை இல்லை சேர்," என்றாள் என் முன்னாள் மாணவி.

அப்படித்தான் நான் காலை பஸ்ஸில் வெள்ளாங்குளத்து வெயிலுக்குள்ளால் கோட்சூட்டோடு போனேன். மனைவி வரவில்லை. "கீழ ஒண்டுமில்லாத இடத்தில நான் இருக்கமாட்டன்" என்பது அவளுடைய கொள்கை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோட்டுக்கோ ஐயா?" என்றார். நீதிமன்றத்துக்கா என்று கேட்கிறார். "இல்லை, கலியாணத்துக்கு" என்றேன். என் வயதைக் கணக்குப் பார்த்துவிட்டு, "நல்ல விசயம்" என்றார்.

விமானம் நான் வரைந்ததைவிடச் சிறியதாக இருந்தது. ஆனால் மேலே எழும்பியது. என்னுடையது ஒருநாளும் எழும்பியதில்லை. சன்னல் கேட்கவில்லை, கிடைத்தது. கீழே கடலைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடமாக அக்காவுக்கும் எனக்கும் இடையில் கிடந்த சாமான். மேலேயிருந்து பார்க்க ஒரு பெரிய எதிரி மாதிரித் தெரியவில்லை.

அடுத்தநாள் காலை ரயில் பாம்பன் பாலத்தில் மெதுவாக ஊரும்போது கைத்தொலைபேசியை எடுத்து, மாணவிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'மூன்றாவது விடை சரி. முழுப்புள்ளி. பிந்தியதற்கு மன்னிக்கவும்.' உடனே பதில் வந்தது: 'சேர், திரும்பி வாற டிக்கெட்டும் என்னட்டத்தான்.'

இராமேஸ்வரம் நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. அத்தானின் தம்பி. பையை வாங்கினார், மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார், அக்காவின் தம்பிதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"வாங்க மச்சான். நீங்க வந்தது எனக்குத்தான் பெரிய நிம்மதி. அத்தனை பேரு பாக்க நடக்கணும்னாலே எனக்குக் கால் உதறும்."

"அப்ப அந்த நீலக் கோட்சூட்?"

"கோட்சூட்டா? எனக்கா?" நடைபாதையிலேயே நின்று சிரித்தார். "இந்த வெயில்ல அதை எவன் போடுவான்?" பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை அரைவாசியில் நிறுத்தினார். நல்ல மனிதர்.

வீட்டு வாசலில் நின்ற அக்கா முதலில் கருவாட்டுப் பையை வாங்கினாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். நீலக் கலர் பற்றிக் கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லாட்டி நீ வந்திருப்பியோ?" என்றாள். கண்ணைத் துடைத்தாள். "வணிகம் உனக்கு மட்டுந்தானோ தெரியும்?"

கோயில் வாசலில் மருமகள் என் கைக்குள் கையைக் கொடுத்தாள். முதல்முறையாக அந்தக் கைக்கு ஒரு சூடும் பாரமும் இருந்ததை அறிந்தேன். தொலைபேசியில் அது வருவதில்லை. அவள் ஒரு அடி வைத்தாள், நான் இரண்டு. யார் யாரைக் கூட்டிப்போனது என்று பீடத்தடியில் காத்து நின்ற சுவாமியாரைத்தான் கேட்க வேண்டும்.

"மாமா, மெதுவாப் போங்க," என்றாள்.

அத்தானின் தம்பி எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். அதற்குள் மன்னாரிலிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்காரர் மூச்செடுத்த இடைவெளியில் அவளுடைய குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"கோட்டுப் பட்டினைப் பூட்டுங்கோ!"

வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்தேன். மூன்று பொத்தான்களில் ஒன்று பூட்டியது.